இந்த வயசுலயும்

எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு பொன்னாடைகள் இருக்கின்றன. ஒன்று, நான் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று டெப்போவில் போர்த்தியது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வேலை முடிந்தது, போர்த்தினார்கள், கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். இன்னொன்று, இந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர் பூப்பந்து மைதானத்தில் போர்த்தியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. பீரோவைத் திறக்கும்போது அந்த ஜரிகை கண்ணில் பட்டால் கதவை அடித்துச் சாத்துகிறேன். கதவு என்ன பாவம் செய்தது என்று என் மனைவி கேட்கிறாள்.

பூப்பந்து தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய சின்னப் பந்து, மட்டை, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். எங்கள் ஊரில் வெண்ணாற்றங்கரைப் புறம்போக்கில் ஒரு மைதானம் இருக்கிறது. காலையில் மாடு கறக்கிறவர்கள் கறந்து முடித்து, வயலுக்குப் போகிறவர்கள் தண்ணீர் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக மட்டையோடு வருவார்கள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து அங்கே ஆடுகிறேன். இடம் எப்போதும் சென்டர். ஐந்து பேருக்கும் நடுவில் நிற்கிறவனுக்குத்தான் வேலை அதிகம். முன்னால் நிற்பவன் விட்டதும் அவன் தலையில், பின்னால் நிற்பவன் எடுக்காததும் அவன் தலையில்.

கண்டக்டர் வேலையும் அப்படித்தான். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, கூத்தாநல்லூர் வழியாகத் திருவாரூர் போகும் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே போய்வந்தவன் நான். கண்டக்டர் சீட் என்று ஒன்று உண்டு. அதில் நான் உட்கார்ந்த நேரத்தைவிடக் கர்ப்பிணிப் பெண்களும் வாழைத்தார்களும் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். இடுப்பை ஒரு சீட்டில் சாய்த்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், இரண்டு கையாலும் டிக்கெட் கிழித்துக்கொண்டே வளைவில் நிற்கத் தெரிந்தவன். அப்படிப்பட்டவனைப் பார்த்து ஊரே சேர்ந்து "உக்காருங்க" என்று சொல்ல ஆரம்பித்தது.

முதலில் பஸ்ஸில். நான் ஓடிய அதே ரூட்டில் ஒரு நாள் ஏறினேன். புதுக் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் சீட்டில் இருந்த காலேஜ் பையனை எழுப்பினார். "தம்பி, எந்திரிங்க. பெரியவர் உக்காரட்டும்." நான் நிற்கிறேன் என்றேன். "பரவால்ல ஐயா, உக்காருங்க" என்று தோளைப் பிடித்து அழுத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்தேன். மன்னார்குடி வரைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்புறம் கல்யாண வீடுகளில். எங்கள் ஊர்ப் பந்தியில் சாம்பார் வாளி என் கையில்தான் இருக்கும். இலைக்கு இலை ஓடுவேன். இப்போது வாளியில் கை வைத்தால் யாராவது ஓடிவந்து பிடுங்குகிறார்கள். "நீங்க போயி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க ஐயா." ஃபேனுக்குக் கீழே ஒரு வரிசை நாற்காலி. அங்கே ஏற்கெனவே நாலைந்து பேரை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். ஒருவருக்கு சர்க்கரை, ஒருவருக்குக் கண் ஆபரேஷன். அவர்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுப்பார்கள். சேர்ந்துவிட்டாயா, வா, என்பது மாதிரி ஒரு சிரிப்பு.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாராட்டு இருக்கிறதே, அதுதான் தாங்க முடியாதது. "இந்த வயசுலயும் எப்படி ஓடுறீங்க!" மைதானத்துக்குப் பக்கத்து ரோட்டில் வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுச் சொல்வார்கள். இந்த வயசுல ஆடுறீங்க என்று சொன்னால் அது ஒரு விஷயம். எனக்கு வயது அறுபத்துநான்கு, ஆடுகிறேன், உண்மைதான். ஆனால் அந்த "உம்" எதற்கு? வயசுல-யும். நீ இந்நேரம் படுத்துக் கிடக்க வேண்டியவன், ஏதோ தப்பித்து நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்பதெல்லாம் அந்த ஒரு "உம்"முக்குள் இருக்கிறது. சொல்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. சொல்லிவிட்டு, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு போய்விடுகிறார்கள்.

நான் இளமையாக இருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சத்தம் போடுகிறது. இருட்டினால் எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. எல்லாம் எனக்கும் தெரியும். மைதானத்தில் பந்து மேலே போய் இறங்கும் அந்த நேரத்தில் எனக்கு வயது என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. அதற்காகத்தான் போகிறேன். அதுவும் எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டுக்குள் வந்துவிட்டால் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன்தான். அறுபது வயதுக்காரனும் அண்ணே, முப்பது வயதுக்காரனும் அண்ணே. கையில் வருகிற பந்தை விட்டால், விட்டவன் யாராக இருந்தாலும் திட்டு விழும். பஞ்சாயத்துத் தலைவர் ஒரு தடவை வந்து ஆடினார். லேசான பந்து ஒன்றை விட்டார். "என்னண்ணே, வோட்டு எண்ணிக்கிட்டு நிக்கிறீங்களா?" என்று கேட்டான் ஒருத்தன். அவரும் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். அங்கே திட்டு வாங்கினால்தான் ஆட்டக்காரன். நானும் வாங்கியிருக்கிறேன், வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்துமிருக்கிறேன்.

போன புரட்டாசியில் ராத்திரி மழை பெய்து தரை ஊறியிருந்தது. காலையில் ஒரு பந்தை எடுக்கப் பின்னால் போனேன், கால் வழுக்கியது. முழங்கை வீங்கிப்போய், மாவுக்கட்டு இல்லாமல் பற்றுப் போட்டதிலேயே சரியாகிவிட்டது. இருபது வயதுக்காரன்கூட அன்று அதே இடத்தில் வழுக்கி விழுந்தான். அவன் விழுந்ததற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் விழுந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் அதை அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

என் மனைவி இதை சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகனிடம் போனில் சொல்லிவிட்டாள். அவன் எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தான். "வாக்கிங் போங்கப்பா, அது போதும். இந்த வயசுல குதிக்கிற ஆட்டமெல்லாம் வேணாம்." சரி சரி என்று வைத்துவிட்டேன். மறு வாரம் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தீபாவளி முடிந்து கார்த்திகை, மார்கழி வந்தது. வாடைக்காற்று. பனியில் கம்பளிப் பந்து கொஞ்சம் கனத்துப் போகும். மட்டையில் பட்டால் தொப்பென்று சத்தம் வரும். அந்த மார்கழியில் நான் ஆடினேன் பாருங்கள், பல வருஷமாக அப்படி ஆடியதில்லை. எங்கே நின்றாலும் பந்து என்னைத் தேடி வந்தது. கையை நீட்டினால் அங்கே இருந்தது. விட்ட பந்து மிகக் குறைவு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், "எனக்கு என்னமோ திரும்பிடுச்சுடி." அவள் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். "எது?" என்றாள். எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தோளைப் பார்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் போட்டி நடத்துவோம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து டீம்கள் வரும். எங்கள் டீமுக்குக் கேப்டன், டிராக்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவன். என் மகனோடு படித்தவன். அவன் அப்பாவும் நானும் ஒரே டீமில் ஆடியிருக்கிறோம். போகிக்கு முதல் நாள் அவன் வீட்டுக்கே வந்தான். "காணும் பொங்கலன்னிக்குக் காலையிலயே வந்துடுங்க. வெள்ளை வேட்டி சட்டையில வாங்க." தொடக்க விழாவுக்கு இருக்கும் என்று நினைத்தேன். ஆட்டத்துக்கு உடை பையில் எடுத்துக்கொண்டேன். புதிதாக நரம்பு கட்டிய மட்டையும் அதே பையில்.

மைதானத்து வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் பெரிதாக என் முகம். டீமின் மூத்த ஆட்டக்காரன் என்று போட்டிருக்கிறார்கள் போல என்று உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன். எழுத்துகளைப் படிக்கக் கண்ணாடியை மாட்டுவதற்குள் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. மைக்கில், "இந்த வயசுலயும் நம்ம மைதானத்துக்கு வந்து நமக்கெல்லாம் ஊக்கம் கொடுக்கற ஐயா அவங்களுக்கு" என்று ஆரம்பித்தார்கள். ஐயா! நேற்றுவரை அண்ணே. பொன்னாடை வந்தது. கழுத்தைச் சுற்றி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நம் ஊரில் பொன்னாடையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். அடித்தால் கையைப் பிடிக்கலாம். கும்பிட்டுக்கொண்டு வந்து ஒருவன் தோளில் துணியைப் போர்த்தினால் என்ன செய்ய முடியும்? பல்லைக் காட்ட வேண்டியதுதான். போட்டோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கியது. சென்டரில் வேறு ஒருவன் நின்றான். காலேஜ் விடுமுறையில் வந்தவன், நன்றாக ஆடுகிறவன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்க இந்தத் தடவை இல்லைண்ணே என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், முடிந்துபோயிருக்கும். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் கூட்டத்தைக் கூட்டி, மைக் வைத்து, துணியைப் போர்த்தி என்னை வெளியே அனுப்பினார்கள். பை நாற்காலிக்கு அடியில் கிடந்தது. சாயங்காலம் வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனைக் கூப்பிட்டேன்.

"யாரக் கேட்டுடா எனக்குப் பொன்னாடை போட்ட?"

அவன் திகைத்துப்போனான். "என்ன ஐயா, மரியாதைதானே செஞ்சோம்."

"மரியாதையா? டீம்ல இல்லன்னு சொல்றதுக்கு வாய் இல்லையா உனக்கு?"

"ஐயா, கோவப்படாதீங்க. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்... அதுக்குத்தானே மார்கழி பூராவும் பாத்துப் பாத்துப் போட்டோம்."

சொன்ன உடனேயே வாய் தவறியது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த, எங்களோடு ஆடுகிற ரைஸ் மில்காரன் கையை நிறுத்திவிட்டான்.

"என்னத்தப் பாத்துப் போட்டீங்க?"

எனக்குப் புரிய அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னைத் தேடி வந்த பந்து. கையை நீட்டினால் அங்கே இருந்த பந்து. எதிர்ப்பக்கத்து ஐந்து பேரும் சேர்ந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, என் மட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான் அதை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தோளைப் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. புரட்டாசியில் விழுந்த பிறகு அந்த மைதானத்தில் என்னை யாரும் ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

"யாரு சொல்லி இப்படிச் செஞ்சீங்க?"

"உங்க பையன்தான் ஐயா போன் பண்ணான். அப்பா திரும்ப விழுந்தா நீதான் பொறுப்புன்னான். நான் என்ன செய்யட்டும்?"

வீட்டுக்கு வந்ததும் சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இருந்தால் என்ன. இத்தனை நாள் வாய்க்குள் இருந்த அத்தனையும் கொட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அந்தப் பொறுமையும் எனக்கு ஆத்திரமாக வந்தது. நோயாளியிடம் காட்டுகிற பொறுமை.

"நான் அங்க இல்லப்பா. எனக்கு பயமா இருக்கு. ஒண்ணுன்னா உடனே வர முடியாது."

"நீ இங்க இல்லங்கறதுக்காக நான் உக்காந்துக்கணுமா? நான் விழுந்து செத்தா வருவ, தெரியும். நான் நின்னு ஆடுறதப் பாக்க ஒரு தடவ வந்திருக்கியாடா?"

அந்தப் பக்கம் ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. "ட்ரெயின் வருதுப்பா" என்று வைத்துவிட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இரக்கப்பட மனம் வரவில்லை.

அடுப்படிப் பக்கம் நின்று என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. காலையில் ஆற்றங்கரையில் புல் அறுத்து, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கரை ஏறி வந்திருந்தாள். ரவிக்கையில் புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்கள ஆடாதீங்கன்னு சொல்றதுக்கு ஊரே கூடி பொன்னாடை போட்டுச்சு" என்றாள். "நானும்தான் ரெண்டு மாட்டோட ஓடுறேன். இந்த வயசுலயும்னு ஒரு ஆளு கேட்டதில்ல. உக்காருன்னு நீங்களும் சொன்னதில்ல."

எனக்கு எல்லோரிடமும் கோபம் இருந்தது. இதற்கு மட்டும் யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன காபியைக் குடித்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் மைதானத்துப் பக்கம் போகவில்லை. காலையில் புல்லுக்கட்டை நான் தூக்கி வந்தேன். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டு சாய்ந்தபோது, "நேராப் புடிங்க, பாதி ரோட்டுல கிடக்கு" என்று பின்னாலிருந்து கத்தினாள். மைதானத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பந்து மட்டையில் படும் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பாமல் நடந்தேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கட்டைக் கொட்டிலில் போட்டுவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நேராக உள்ளே போய், சென்டரில் நின்றவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அங்கே நின்றேன். எதிர்ப்பக்கத்தில் கேப்டன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா..." என்றான்.

"ஐயா இங்க யாரும் இல்ல. சர்வீஸ் போடு."

போட்டான். பூ மாதிரி வந்து என் முன்னால் இறங்கியது. நான் மட்டையை அசைக்கவில்லை. பந்தைக் கையால் பிடித்து வலைக்கு மேலே திருப்பி எறிந்தேன். "ஒழுங்காப் போடு." மறுபடியும் அதே பந்து. மறுபடியும் எறிந்தேன். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. அவன் அப்பாவின் கோபம், எனக்குத் தெரிந்த கோபம்தான்.

"அப்பறம் என்னக் கேக்கக் கூடாது" என்றான்.

அடித்தான். பந்து என் இடது காதுப் பக்கம் போனதே எனக்குப் பின்னால் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. அடுத்ததற்குக் கால் நகர்ந்தது, கை நகரவில்லை. அதற்கடுத்தது தோளில் பட்டது. மார்கழியில் என்னைத் தேடி வந்த பந்து இப்போது என்னை அறிமுகமே இல்லாத மாதிரி தாண்டித் தாண்டிப் போனது. நான் நினைத்திருந்ததைவிட நான் மந்தம். உண்மை அதுதான். அந்த உண்மை மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை என்னிடமிருந்து ஒளித்துவைக்க இவர்கள் யார்? ஒன்றை எடுத்தேன், வலையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தேன், கோட்டுக்கு உள்ளேயே போட்டேன். வேர்த்து ஊற்றியது. ரோட்டில் வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதையாவது சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் பாயிண்ட் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் ரைஸ் மில்காரன் நின்றான். அவனுக்குத் தோற்பது பிடிக்காது. மூச்சு வாங்குவது கேட்டது. அடுத்த பந்து உயரமாக, நிதானமாக, நேராக என் மேல் இறங்கியது. சின்னப் பையன்கூட எடுக்கிற பந்து. வெயில் கண்ணில் பட்டது. மட்டையை வீசினேன். காற்றுதான் பட்டது.

"என்னண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு கத்தல். "மூஞ்சிக்கு நேரா வர்ற பந்தக்கூட எடுக்க மாட்டீங்களா? நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?"

மைதானம் அப்படியே நின்றுவிட்டது. கத்தியவனே வாயைப் பொத்திக்கொண்டான். கேப்டன் வலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் திரும்பினேன்.

"கத்தாதடா. அடுத்தத எடுக்கறேன்."

அடுத்ததையும் விட்டேன். அதற்கும் திட்டினான்.